மாமாவின் கண்ணும் துப்பாக்கியின் குழலும்



புதுச்சேரி அரசில் 36 ஆண்டுகள் கோப்புகளோடு குடும்பம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இவனுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் விரல் இதுவரை எந்தத் துப்பாக்கியின் விசையையும் தொட்டதில்லை. ஆனாலும் 2022 கோடையில் பிரான்சில் அக்கா வீட்டில் தங்கியிருந்த மூன்று மாதத்தில், ஒரு வேட்டைத் துப்பாக்கிக்கு வந்த நோய் என்ன என்று கண்டுபிடிக்கும் வேலையில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. சுட்டவர் அக்காவின் கணவர். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவன் நான்.

மாமா சொல்தா குடும்பம். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த புதுச்சேரிக்காரர்களை இங்கே 'சொல்தா' என்போம். 1962-இல் ஒப்பந்தம் அமலானபோது அவருடைய அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக் கொடுத்தார். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் நான் பிரெஞ்சில் படித்துவிட்டு இங்கே எழுத்தர் வேலைக்குப் போனேன். மாமா 18 வயதில் பட்டாளத்துக்குப் போனார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் குடியேறிய ஊர் பிரனே மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயர் 'போ'. பிரெஞ்சில் மூன்று எழுத்து எழுதினாலும் உச்சரிப்பு அவ்வளவுதான். "மாமா எங்கே இருக்கிறார்?" என்று கேட்டால் "போ" என்று பதில் சொல்லிச் சிரிப்பது எங்கள் வீட்டில் பழைய வழக்கம். பிரெஞ்சு ராணுவத்தின் பாராசூட் பள்ளி அந்த ஊரில்தான் இருக்கிறது. ஊர் நடுவே உள்ள நீண்ட சாலையில் நின்றால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், 2,884 மீட்டர் உயரமுள்ள ஒஸோ சிகரம் உடைந்த பல் மாதிரி தெரியும்.

அந்த மலையில் 'இஸார்' என்று ஒரு விலங்கு. நம் வரையாடு போலப் பாறை விளிம்பில் நிற்கும். ஆனால் உருவத்தில் சிறியது, 25, 30 கிலோதான். இந்தியாவில் 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே நமக்குக் குற்றமாகத்தான் தெரியும். அங்கே நிலைமை வேறு. இந்தப் பகுதியில் இந்த ஆண்டு இத்தனை இஸார் என்று அரசாங்கம் எண்ணிக்கை நிர்ணயிக்கிறது. சுட்ட விலங்கின் காலில் எண் போட்ட பட்டை கட்டாமல் அதை இடத்தைவிட்டு நகர்த்தக் கூடாது. "இதிலும் ஒரு கோப்பு வைத்திருக்கிறார்களே!" என்று நான் வியந்தபோது மாமா சிரித்தார். "கோப்பு இல்லாம பிரான்சு ஏதுடா?"

ஆனால் அந்தக் கோடையில் அவர் அதிகம் சிரிக்கவில்லை. நான் போய் இரண்டு நாள் கழித்து அக்கா சமையலறையில் மெதுவாகச் சொன்னாள். "தம்பி, போன செப்டம்பர்ல ஒரு இஸாரைச் சுட்டாரு. குண்டு வயித்துல பட்டு ஓடிப்போச்சு. மோப்ப நாயைக் கூட்டிவந்து ஆறு மணி நேரம் தேடினாங்க. அது உயிரோடவே கிடந்துச்சாம். அன்னியிலேர்ந்து சரியாத் தூங்கறதில்ல. கண்ணு போச்சு, இனிமே லைசென்ஸைப் புதுப்பிக்கப் போறதில்லன்னு சொல்றாரு. எனக்கும் அவர் விட்டா நல்லதுதான். ஆனா இப்படி மனசு ஒடிஞ்சு விடறது பிடிக்கல."

முந்தைய ஆண்டுதான் வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வயது 77. இரண்டையும் கூட்டி அவரே தீர்ப்பு எழுதிவிட்டார்.

அவருடைய துப்பாக்கி .300 வின்செஸ்டர் மேக்னம். 1994-இல் வாங்கியது. ஏன் இவ்வளவு பெரிய தோட்டா என்று கேட்டேன். அதற்கும் ஒரு சட்டக் காரணம் இருந்தது. ராணுவங்கள் பயன்படுத்திய அளவுள்ள தோட்டாக்களைப் பிரான்சில் சாதாரண வேட்டைக்காரர் வாங்க முடியாது. உலகமெல்லாம் வேட்டைக்குப் பயன்படும் .30-06 அமெரிக்க ராணுவத்தின் தோட்டா என்பதால் அந்தப் பட்டியலில் சிக்கிக்கொண்டது. 1963-இல் வேட்டைக்கென்றே வந்த .300 வின்செஸ்டருக்கு அந்தத் தடை இல்லை. 2013 செப்டம்பரில் சட்டம் மாறித் தடை நீங்கியபோது மாமா இதற்குப் பழகிவிட்டிருந்தார்.

துப்பாக்கியைப் பற்றிய பிரெஞ்சுச் சொற்கள் எனக்குப் பிடித்துப்போயின. குண்டு வெளியேறும் முனைக்கு 'வாய்' என்று பெயர். தோட்டா உட்காரும் இடம் 'அறை'. குழலுக்குள் இருக்கும் வெற்றிடத்தை 'ஆம்' என்கிறார்கள். ஆன்மா என்று பொருள். குறி பார்க்கும் ஸ்கோப்புக்கு 'லுனெத்'. அதையே பன்மையில் சொன்னால் மூக்குக் கண்ணாடி. கெட்டது ஆன்மாவா, லுனெத்தா, மாமாவின் கண்ணா என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி.

மாமாவிடம் ஒரு கறுப்பு நோட்டு இருந்தது. பட்டாளத்துப் பழக்கம். 1994 முதல் சுட்ட ஒவ்வொரு தோட்டாவும் அதில் தேதியோடு இருந்தது. இரண்டு மாலை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 1,640 வந்தது. வேட்டையில் சுட்டது அதில் மிகச் சொற்பம். சனிக்கிழமைகளில் கிளப்பில் பயிற்சிக்காகச் சுட்டதுதான் பெரும்பகுதி. 2019-இல் ஈயம் இல்லாத செம்புக் குண்டுக்கு மாறியிருக்கிறார். எது சரிப்படும் என்று பார்க்க அந்த ஒரு கோடையில் மட்டும் 240 தோட்டா சுட்டிருந்தார்.

பழைய பக்கங்களில் 100 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டால் எல்லாம் 3 சென்டிமீட்டருக்குள் விழுந்ததாகக் குறிப்பு. இப்போது? மறுநாள் கிளப்புக்குப் போனோம். மேசைமேல் மணல்மூட்டை வைத்து, ஐந்து ஐந்தாக நான்கு தடவை சுட்டார். நான் அளந்தேன்: 9.2, 8.4, 10.1, 8.7. சராசரி 9.1. நான்கு தடவை ஏன் என்றால், மூன்று குண்டு மட்டும் சுட்டுப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். கெட்ட துப்பாக்கியும் மூன்றை ஒரே இடத்தில் போட்டுவிடும் நாள் உண்டு. 100 மீட்டரில் 9 என்றால் 200 மீட்டரில் 18. இஸாரின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் விரித்த கையளவுதான். ஏன் வயிற்றில் பட்டது என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்தது. யாரால், எதனால் என்பது தெரியவில்லை.

கணக்குப் பிரிவில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. தொகை இடித்தால் எல்லாப் பதிவேட்டையும் ஒரே நேரத்தில் கலைக்க மாட்டோம். ஒன்றைச் சரிபார்த்து, டிக் அடித்து, மூடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்போம். இங்கேயும் அப்படியே ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் என்று முடிவு செய்து கட்டம் போட்டேன்.

முதலில் செலவே இல்லாத விஷயம், திருகுகள். இரும்புப் பகுதியை மரக்கட்டையோடு பிடிக்கும் திருகுகளும் ஸ்கோப் வளையத்தின் திருகுகளும் தளர்ந்திருந்தால் எந்தத் துப்பாக்கியும் ஒழுங்காகச் சுடாது. ஒன்று மட்டும் கால் சுற்று இறங்கியது. சுட்டுப் பார்த்ததில் மாற்றமில்லை. டிக்.

அடுத்தது கட்டை. மழையில் ஊறிய மரம் முறுக்கிக்கொண்டு குழலைத் தொட்டுவிடும்; சுடச்சுடக் குழல் சூடேறும்போது குண்டுகள் மேல்நோக்கி வரிசையாக ஏறும். மாமா ஒரு ஐந்து யூரோ நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தார். தடையில்லாமல் போயிற்று. அட்டையிலும் அப்படி ஏறுவரிசை இல்லை. டிக்.

மூன்றாவது அழுக்கு. செம்புக் குண்டு போகிற வழியில் குழலின் சுவரில் கொஞ்சம் செம்பைப் பூசிவிட்டுப் போகும். அம்மோனியா கலந்த திரவம் ஊற்றித் துணியால் இழுத்தால் துணி மயில்துத்த நிறத்தில் வரும். முதல் நாள் அடர்நீலம். மூன்றாம் நாள்தான் துணி வெளுப்பாக வந்தது. மாமாவுக்கு அன்று கொஞ்சம் நம்பிக்கை வந்தது. மறுபடி சுட்டால் 8.9. நோட்டை மூடிவிட்டு வழி முழுக்கப் பேசாமல் காரை ஓட்டினார்.

பிறகு தோட்டாவை மாற்றினோம். பழைய ஈயக் குண்டு ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. 9.3. ஸ்கோப்பை மாற்றினோம். கிளப்பில் வேறு துப்பாக்கியில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்தோம். 8.8.

இதற்குள் நாலு வாரம் ஓடிவிட்டது. என் கட்டத்தில் முதலிலேயே செய்திருக்கக்கூடிய ஒரு வரி மட்டும் காலியாகவே இருந்தது. வேறு ஒருவர் மாமாவின் துப்பாக்கியால் சுடுவது. மாமா வேறு ஒருவரின் துப்பாக்கியால் சுடுவது. காசு செலவில்லை, அரை மணி நேர வேலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஞாபகப்படுத்துவேன். ஒருநாள் காற்று அதிகம் என்றார். ஒருநாள் முதுகுவலி. ஒருநாள், "அவன் துப்பாக்கி எனக்குக் கைவராது" என்றார்.

அலுவலகத்தில் நான் பார்த்ததுதான். ஒருவர் மேசையில் ஒரே கோப்பு மட்டும் எப்போதும் அடுக்கின் அடியில் போய்க்கொண்டிருந்தால் விஷயம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. திருகும் ஸ்கோப்பும் கெட்டால் வாங்கிக்கொள்ளலாம். அந்த அரை மணி நேரச் சோதனை அவர் கண்ணைப் பற்றியது. அதன் முடிவை வெளியில் யாரும் கேட்கும்படி கேட்க அவர் தயாராக இல்லை.

நான் வற்புறுத்தவில்லை. அக்காதான் ஒரு இரவு சாப்பாட்டின்போது, ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "கண்ணு கெட்டிருந்தா கெட்டிருக்கட்டுமே. தெரிஞ்சு விடுங்க. தெரியாம விட்டா இன்னும் பத்து வருஷம் இதையேதான் நினைச்சிட்டிருப்பீங்க." மாமா பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் எனக்கு முன்னால் காரில் உட்கார்ந்திருந்தார்.

கிளப் நண்பர் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர்; நிதானமான பிரெஞ்சுக்காரர். முதலில் அவர் மாமாவின் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். 9.3. இரண்டாவது தடவை 8.5. உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தன் துப்பாக்கியை மாமாவிடம் நீட்டினார். மாமா நான்கு தடவை சுட்டார். நான் அளந்தேன்: 3.1, 3.6, 2.8, 3.3. சராசரி 3.2.

எண்களைச் சத்தமாகப் படித்தேன். மாமா அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தபால்காரர் வேறு பக்கம் பார்த்தபடி தோட்டாக் கூடுகளைப் பொறுக்கப் போனார்.

இனி மிச்சம் குழல்தான். அதையும் ஊகத்தில் விடவில்லை. முதலில் வேகமானி வைத்துப் பார்த்தோம். நோட்டில் பழைய கணக்கு நொடிக்கு 905 மீட்டர். அதே ஈயத் தோட்டா இப்போது 880. பிறகு துப்பாக்கிக் கடைக்காரரிடம் போனோம். வயிற்றுக்குள் விடும் எண்டோஸ்கோப்பி மாதிரி ஒரு மெல்லிய கேமரா வைத்திருந்தார். முதலில் வாய்ப்பகுதியைப் பார்த்தார். விளிம்பு நசுங்கியிருந்தால் அதுவே குண்டை ஒரு பக்கம் தள்ளிவிடும். அது நன்றாகவே இருந்தது. பின்பக்கமாகக் கேமராவை விட்டதும் திரையில் வந்தது, மே மாதத்து ஊசுட்டேரி. தண்ணீர் வற்றினால் ஏரி வண்டல் கட்டம் கட்டமாக வெடித்திருக்குமே, அப்படி எஃகு வெடித்திருந்தது. அறையைத் தாண்டி வரிப்பள்ளங்கள் தொடங்க வேண்டிய இடத்தில் விளிம்புகளே இல்லை. விரல் நீளத்துக்கு வழித்துவிட்ட மாதிரி இருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். குழலின் உட்சுவரில் திருகுபோல வரிப்பள்ளங்கள் உண்டு. ஆழம் 0.1 மில்லிமீட்டர்தான். குண்டு அதைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி போகும். மாமாவின் குழலில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று. நொடிக்குச் சுமார் 3,500 சுற்று என்று நானே வகுத்துப் பார்த்தேன். அந்தச் சுழற்சிதான் குண்டை நேராகக் கொண்டுபோகிறது. மேக்னம் தோட்டாவில் வெடிமருந்து நாலரை, ஐந்து கிராம். அவ்வளவு மருந்தும் எரிந்து, 2,500 டிகிரிக்கு மேற்பட்ட வாயுவாகி, 7.62 மில்லிமீட்டர் துவாரத்தில் பாய வேண்டும். எஃகு உருகுவது 1,500 டிகிரி அளவில். நேரம் மிகக் குறைவு என்பதால் எஃகு உருகி ஓடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் மேல்தோல் மட்டும் கொதித்துக் குளிர்கிறது. வெடிப்பு விழுகிறது. வெடிப்பின் ஓரங்களை அடுத்த தடவை வாயு அரித்துக்கொண்டு போகிறது. குண்டு வரிகளைப் பிடிக்கும் முன்பே சும்மா தாவ வேண்டிய தூரம் கூடுகிறது. அது கோணலாக நுழைகிறது. அழுத்தம் கசிவதால் வேகமும் குறைகிறது.

இந்த வகைத் தோட்டாவுக்குக் குழலின் ஆயுள் 1,500 முதல் 2,500 சூடு என்பது பொதுவான அனுபவம். வேட்டைக்கு மட்டும் சுடுபவர் ஒரு ஆயுளில் அதைத் தொடமாட்டார். எண்ணிக்கையைவிடச் சூடுதான் எதிரி. குழலை ஆறவிடாமல் பத்து, பதினைந்து என்று தொடர்ந்து சுடுவதுதான் அதைக் கொல்லும். நோட்டைத் திருப்பினேன். 2019 கோடை, 240 தோட்டா. ஒரே நாளில் 40 சுட்ட பக்கங்களும் இருந்தன.

குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு. 1,640-ஆல் பெருக்கினால் மூன்று நொடிகூட வரவில்லை. 28 ஆண்டு சர்வீசில் அந்தக் குழல் பார்த்த மொத்த வேலை அவ்வளவுதான். அரசு ஊழியர்களைக் கேலி செய்பவர்களுக்கு நல்ல உவமை கிடைத்துவிட்டது!

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "குழல் போச்சுன்னா விட்டுத் தொலைங்களேன்" என்றாள். மாமா சொன்னார்: "விடத்தான் போறேன். ஆனா என்னால முடியலன்னு எனக்கே தோணுறப்ப விடறேன். பொய்க் காரணத்துக்கு விட மாட்டேன்." அந்த இஸாரைப் பற்றி அப்போதுதான் முதல்முறையாக என்னிடம் வாய்திறந்து பேசினார். "நோட்டை எழுதினேன், கூட்டிப் பார்க்கலடா. மூணு வருஷமா எண்கள் ஏறிக்கிட்டே போயிருக்கு. அது பட்ட பாட்டுக்கு நான்தான் பொறுப்பு. கண்ணு பொறுப்பில்ல, அவ்வளவுதான்." அவர் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் விடவில்லை. எழுந்துபோய்த் தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

புதுக் குழல் போட்டார்கள். அதைச் சேந்த்-எத்தியேன் நகரத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, வழக்கமான உச்ச அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து வெடித்துப் பார்த்து, முத்திரை குத்தி வாங்க வேண்டும். நான் ஊர் திரும்பிய பிறகுதான் அது வந்தது. தொலைபேசியில் ஒரே ஒரு எண் சொன்னார்: "2.9." அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மலைக்குப் போனார். 2024-இல் பாதி மலையில் முழங்கால் வேண்டாம் என்றதாம். இறங்கி வந்தார், அடுத்த ஆண்டுக்கு லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. அதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இருந்தது, அவமானம் இல்லை.

பழைய குழலின் அடிப்பகுதியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நெடுக்காகப் பிளந்து கடைக்காரர் கொடுத்திருக்கிறார். அக்கா அதைப் புத்தக அலமாரியில் வைத்திருப்பதாகச் சொன்னாள். வருகிறவர்களெல்லாம் அது என்ன என்று கேட்கிறார்களாம்.

நம் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதினேன். டி.வி. சத்தம் கேட்கவில்லை என்றால் காது போச்சு என்கிறோம்; பூட்டு திறக்கவில்லை என்றால் கை நடுங்குகிறது என்கிறோம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். என் காதில் மெஷின் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் பேரனை அழைத்து அதே டி.வி.யை ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள், அதே சாவியை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.